அலுவற் பயணத்தில் உடனுண்ணல்

மாணவர்களே, நீங்கள் இன்று வீட்டில் உண்கிறீர்கள். சிலர் விடுதியில் உண்கிறீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணியில் அமர்வீர்கள். ஒரு நாள் உங்கள் பெயருக்கு ஓர் ஆணை வரும். நால்வரோ ஐவரோ சேர்ந்து வெளியூருக்குச் சென்று, ஒரு கணக்கைத் தணிக்கை செய்தோ, ஒரு பாலத்தை அளந்தோ, ஓர் இயந்திரத்தைப் பழுது பார்த்தோ திரும்ப வேண்டும் என்று அவ்வாணை கூறும். எவ்வழியாகச் செல்வது, எங்கே தங்குவது என்பவற்றை அலுவலகமே முடிவு செய்துவிடும். எங்கே உண்பது, யாருடன் உண்பது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பவற்றை மட்டும் எந்த ஆணையும் சொல்வதில்லை. அவற்றை அந்த ஐவரே நாள்தோறும் மூன்று வேளையும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிறு செய்தி போலத் தோன்றும் இதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

வீட்டுப் பந்தியில் நம்முடன் அமர்வோர் உறவினர். நண்பர்களுடன் உண்ணும்போது நாமே தேர்ந்துகொண்டவர்களுடன் உண்கிறோம். உடன் பணிபுரிவோரோ நாம் தேர்ந்தவர் அல்லர். அவர்களுள் ஒருவர் ஊதியம் நம்முடையதைப்போல் இருமடங்காக இருக்கலாம். மற்றொருவருடையது பாதியாக இருக்கலாம். ஊர் வேறு, சமயம் வேறு, நாவின் பழக்கம் வேறு. எனினும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டியிருக்கிறது. வணிக நிறுவனத்தைக் குறிக்க நாம் நாள்தோறும் வழங்கும் ‘கம்பெனி’ என்னும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் இலத்தீன் மொழிக்குச் சென்று சேர்வோம். அம்மொழியில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்ணும் கூட்டாளி என்ற பொருளிலிருந்தே அச்சொல் வளர்ந்தது. இன்று அந்தச் சொல் ரொட்டியை மறந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது!

பலவகை மக்கள் ஒரு மேசையில் அமர்ந்து உண்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. முற்காலப் பயணிகள் கட்டுச்சோற்றை மூட்டையாகக் கட்டி எடுத்துச் சென்றனர். அல்லது சத்திரங்களில் உண்டனர். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பல சத்திரங்களைக் கட்டினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. பசித்து வந்தோர்க்குச் சோறிட்டமை போற்றத்தக்கதே. எனினும் சோறு கிடைத்ததேயன்றி உடனிருந்து உண்ணும் உரிமை கிடைத்ததில்லை. பந்திகள் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. பின்னர் நகரங்களில் காப்பிக் கடைகளும் உணவு விடுதிகளும் தோன்றியபோது, பலவற்றில் ‘பிராமணாள்’ என்னும் சொல் பெயர்ப்பலகையிலேயே எழுதப்பட்டது. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்ற பிரிவு இருந்தது. கிளர்ச்சிக்குப் பின் 1941ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து எழுதிய இரு குமாஸ்தாக்கள் ஒரே வண்டியில் திருச்சிக்குச் சென்றாலும், நிலையத்தில் இறங்கியதும் இரு வாயில்களில் நுழைந்து உண்ண வேண்டிய காலம் அது.

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியன காரணமாக எவரையும் தடுத்தல் கூடாது என்று அது கூறுகிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தை இயற்றிய பெரியோர் உணவு விடுதியையும் பெயர் சொல்லிக் குறித்தமை கருதத்தக்கது. 1955ஆம் ஆண்டில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதற்குப் பின்னரும், 1957ஆம் ஆண்டில், திருவல்லிக்கேணி விடுதியொன்றின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதற்காகப் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் தொடர் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பலர் சிறை சென்றனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை 2000ஆம் ஆண்டுக்குப் பின்னும் ஆங்காங்கே இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே, வெளியூர் விடுதி ஒன்றில் ஐந்து இலைகள் அடுத்தடுத்து விரிக்கப்படும்போது, அது தானாக வந்த ஏற்பாடன்று என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் சாதியை வாயிலில் தடுத்து நிறுத்தியது. பதவியை நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை. அலுவலகத்தின் ஏணிப்படிகள் ஐவருடன் கூடவே நடந்து வந்து மேசையருகில் அமர்ந்துவிடுகின்றன. எந்த விடுதிக்குச் செல்வது என்பதை மேலதிகாரி சொல்கிறார், மற்றவர் தலையசைக்கின்றனர். உணவுப் பட்டியல் முதலில் அவர் கைக்குச் செல்கிறது. அவர் எழுந்தால் எல்லாரும் எழுகின்றனர், பாதி உண்டவரும் கூட. நம் ஊர்ப் பந்தியிலோ கடைசி மனிதர் உண்டு முடிக்கும் வரை எவரும் எழலாகாது என்பது வழக்கு. அலுவலகத்தாரின் பந்தியில் இது தலைகீழாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏணியின் படிகள் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பணம். அரசுப் பணியில் வெளியூர் செல்வோர்க்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டு. ஊதிய நிலைக்கு ஏற்பத் தினப்படி வேறுபடும். தனியார் நிறுவனங்களுள் சில, ரசீது காட்டினால் செலவைத் திருப்பித் தருகின்றன. சில, நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுகின்றன. தொகை எப்படி வந்தாலும் பசி எல்லார்க்கும் ஒன்று. படி மட்டும் வேறு. உயர்ந்த படி பெறுபவர் விடுதியைத் தேர்ந்தெடுக்கிறார். குறைந்த படி பெறுபவரும் அங்கேயே உண்ண வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐவருள் மூவர் 120 ரூபாய்க்கு அளவுச் சாப்பாடு உண்கின்றனர். இருவர் 280 ரூபாய்க்குப் பிரியாணி உண்கின்றனர். மொத்தம் 920 ரூபாய். “சமமாகப் பங்கு போட்டுவிடுவோம்” என்று பிரியாணி உண்டவர் ஒருவர் சொல்கிறார். அவர்தாம் மேலதிகாரி என்று கொள்வோம். ஆளுக்கு 184 ரூபாய். அளவுச் சாப்பாடு உண்டவர் 64 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். நாளுக்கு இரு வேளையாக மூன்று நாள் இவ்வாறு நடந்தால் அவர் இழப்பது 384 ரூபாய். “சமம்” என்னும் சொல் இங்கே எவ்வளவு சமமின்மையைச் செய்கிறது பாருங்கள்! தினப்படியில் மிச்சம் பிடிப்பவரைக் கருமி என்று எள்ளுவோர் உளர். அந்த மிச்சம் சில வீடுகளில் குழந்தையின் பள்ளிக் கட்டணம் என்பதை எள்ளுவோர் அறியார்.

இதனை இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் சோதித்தே பார்த்திருக்கின்றனர். யூரி கினீசி என்பவரும் அவருடன் இருவரும் ஐபா நகரில் ஓர் உணவு விடுதிக்கு ஆறு ஆறு பேராக மாணவர்களை அழைத்துச் சென்றனர். முடிவுகளை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாம் உண்டதற்குத் தாமே பணம் தர வேண்டும் என்றபோது ஒருவர் சராசரியாக ஏறத்தாழ 37 ஷெக்கல் அளவுக்கு உண்டார். மொத்தத்தை ஆறு பங்காக்குவோம் என்றபோது அது 51 ஆயிற்று. முழுச் செலவும் பிறருடையது என்றபோது 82 ஆயிற்று. இதில் வியப்பு ஒன்று உண்டு. எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியே கொடுப்பதையே விரும்பினர். அதாவது, பங்கு போடும் முறையில் மிகுதியாக உண்டவர்களும் அம்முறையை விரும்பி உண்டார்களில்லை. அடுத்தவர் மிகுதியாக உண்பார், நாம் மட்டும் ஏன் ஏமாற வேண்டும் என்ற எண்ணமே அவர்களை உண்பித்தது போலும்.

அதனால் பரிமாறுபவர் வந்து நின்றவுடனேயே, “தனித்தனி பில்” என்று சொல்லிவிடுவது நன்று. உண்டு முடித்த பிறகு சொன்னால் அது மனத்தாங்கலாகத் தோன்றும். தொடக்கத்தில் சொன்னால் வெறும் ஏற்பாடாகவே தோன்றும். இக்காலத்தில் ஒருவர் முழுத்தொகையையும் கல்லாவில் செலுத்த, மற்றவர் தத்தம் பங்கைக் கைபேசி வழியே ரூபாய் பைசா பிசகாமல் அனுப்பிவிட முடிகிறது. எங்கள் காலத்தில் சில்லறைக்கு அலைந்ததை எண்ணினால் இஃதொரு பெரும் வசதியே. ஆயினும் முதற்சொல்லைச் சொல்ல வேண்டியவர் மேலதிகாரி. இளையவர் அதைச் சொன்னால் கருமியாகிவிடுவார். மூத்தவர் சொன்னால் அது நெறியாகிவிடும். விடுதியைத் தேர்வதும் அவ்வாறே. ஐவருள் குறைந்த படி பெறுபவருக்குக் கட்டுப்படியாகும் இடத்திற்கு ஐவரும் செல்வதே முறை.

விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு நான் பல ஆண்டுகள் சென்றிருக்கிறேன். ஒரு முகாமில் இளம் ஆசிரியர் ஒருவர் மாலைதோறும், “வயிறு சரியில்லை, நீங்கள் போய் வாருங்கள், சார்” என்று சொல்லி அறையிலேயே தங்கிவிடுவார். இரண்டு வாழைப்பழமும் ஒரு தேநீருமே அவருடைய இரவு உணவு. வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. முந்தைய ஆண்டுப் பயணப்படிப் பட்டியலே அவருக்கு இன்னும் பணமாகி வரவில்லை. எங்களுள் வயதில் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இதனை எவரிடமும் சொல்லாமல், மறுநாள் முதல், “எனக்குப் பெரிய ஓட்டல் உணவு ஒத்துக்கொள்ளவில்லை, தெருமுனை மெஸ்ஸில் இட்லி உண்ணப் போகிறேன், துணைக்கு வாருங்கள், தம்பி” என்று அவரை அழைத்துச் செல்லலானார். இரண்டு நாளில் நாங்கள் அனைவரும் அந்த மெஸ்ஸிலேயே உண்டோம். இட்லியும் நன்றாகவே இருந்தது.

மேலதிகாரி ஒரு வேளை எல்லார்க்கும் தாமே பணம் தருவது நம் நாட்டில் உள்ள நல்வழக்கம். அதனை மறுப்பது பண்பன்று. எல்லா வேளையும் அவரே தருவாரானால், நான்காம் நாள் அவர் தவறான முடிவொன்றை எடுக்கும்போது, “அது சரியன்று” என்று சொல்ல இளையவரின் நா எழாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கக் கற்றவர்கள் நாம். அந்த நற்குணமே இங்கே நமக்குத் தளையாகிவிடும்.

தளை இன்னும் இறுகும் இடம், நாம் ஆய்வு செய்யச் சென்ற இடத்தாரே நமக்கு உணவளிக்கும்போது. பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர்க்குப் பள்ளியே விருந்து ஏற்பாடு செய்யும் வழக்கத்தை நானறிவேன். மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இதனை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகின்றன. தற்செயலாக நேரும் ஒரு வேளை உணவைப் பரிசு என்று அவ்விதிகள் கருதவில்லை. அலுவல் தொடர்புடையவரிடம் ஆடம்பரமான விருந்தையோ அடிக்கடி விருந்தையோ ஏற்றல் தவிர்க்கப்பட வேண்டும் என்கின்றன. ஆடம்பரம் எங்கே தொடங்குகிறது என்பது உண்பவர் மனச்சான்றுக்கு விடப்பட்டிருக்கிறது. தென்கொரிய நாட்டினர் மனச்சான்றை நம்பவில்லை. 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டப்படி அலுவலர் ஒருவர் ஏற்கும் உணவின் மதிப்பு 30,000 வொன் தொகைக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினர். 2024இல் அதனை 50,000 ஆக்கினர். மேற்சொன்ன 37, 82 என்னும் எண்களை நினைத்துக்கொண்டால், எண்ணில் வரம்பு கட்டியவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

பணத்தை விட்டு வேறு சிலவற்றைப் பார்ப்போம். குழுவில் நீரிழிவு நோயாளர் ஒருவர் இருக்கலாம். சாதாரண இன்சுலின் மருந்தை உணவுக்கு அரைமணி முன் போட்டுக்கொள்வர். “இதோ கிளம்பலாம்” என்று சொல்லி, அவர் மருந்து போட்டுக்கொண்ட பின் மேலதிகாரி ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், அவருடைய இரத்தத்தில் சர்க்கரை குறைந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும். மூத்தோர் வரும்வரை காத்திருத்தல் மரியாதை என்பது அங்கே பொருந்தாது. இன்னொருவர் நோன்பிருப்பார், அவரை வற்புறுத்தலும் கூடாது, கேலி செய்தலும் கூடாது. ஐவருள் ஒரே பெண்ணாக வந்தவர், “எனக்குப் பசியில்லை” என்று சொன்னால், உண்மையில் பசியில்லையா, நேரமும் இடமும் ஒவ்வவில்லையா என்பதை மற்ற நால்வரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலைக் கடைக்குச் செல்வோம் என்று நால்வர் முடிவு செய்வது எளிது. எட்டு மணிக்கு அருகிலுள்ள விடுதியில் உண்போம் என்று மாற்றிக்கொள்வதும் அவ்வளவே எளிது.

உடனுண்பதே ஆகாது என்று தொழில்முறை வைத்திருக்கும் உடன்பணியாளர் சிலரும் உலகில் உளர். விமானம் ஓட்டும் இருவர்க்கும் ஒரே உணவைத் தருவதில்லை என்பது பல விமான நிறுவனங்களின் வழக்கம். இதன் தேவையை உலகுக்குக் காட்டியது 1975ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஜப்பானிய விமானம் ஒன்று அலாசுக்காவிலுள்ள ஆங்கரேஜ் நகரிலிருந்து கோபன்ஹேகன் நகருக்குச் சென்றது. அதில் காலை உணவாகத் தந்த பன்றி இறைச்சி முட்டை அடையை உண்டோருள் 197 பேர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். 144 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சமையலாளர் ஒருவரின் விரற்புண்ணிலிருந்த கிருமி உணவில் சேர்ந்து, உணவு குளிர்ப்பெட்டிக்கு வெளியே பல மணி நேரம் கிடந்தபோது நஞ்சை உண்டாக்கிவிட்டது. பின்னர்ச் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியவில்லை. விமானிகள் அதனை உண்ணாமையால் விமானம் பத்திரமாக இறங்கியது. நம் ஐவர் விமானம் ஓட்டுவதில்லை. எனினும் மறுநாள் முக்கியப் பணி இருக்குமானால், பழகாத ஊரில் நேரங்கடந்த தேங்காய்ச் சட்னியை ஐவரும் ஒருங்கே சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆவி பறக்க வருவதை உண்பது நலம்.

இதுவரை ஐவர் என்றே சொல்லி வந்தேன். உண்மையில் அந்தக் குழுவில் ஆறாவது ஒருவர் உண்டு. அவர் வண்டி ஓட்டி வந்தவர். எல்லாரும் இறங்கி உள்ளே சென்ற பின் அவர் நிழல் தேடி வண்டியை நிறுத்துகிறார். பிறகு எங்கே உண்கிறார்? இவ்வினாவை அந்த ஐவருள் ஒருவர்கூட எழுப்பாத பயணங்கள் பல. வாடகை வண்டி ஓட்டுநர்க்கு ‘பேட்டா’ என்று ஒரு தொகை உண்டு. “அதுதான் கொடுக்கிறோமே” என்பது விடையாகச் சொல்லப்படும். தொகை உண்டு, சரி. ஐவரும் விலை உயர்ந்த விடுதியின் வாயிலில் இறங்கிக்கொண்டால், அந்தத் தொகைக்கு உணவு கிடைக்கும் கடையைத் தேடி அவர் எத்தனை தொலைவு நடப்பார்? அவர் திரும்புமுன் இவர்கள் உண்டு முடித்து வண்டியருகில் நின்றுவிட்டால், அவர் பாதியில் எழுந்து ஓடி வருவார். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்காக 1961ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது என்றும், அதற்குள் அரைமணி ஓய்வேனும் தர வேண்டும் என்றும் வகுத்தது. பசித்த கண்ணும் தூங்காத கண்ணும் இரவில் சாலையைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஐவரின் உயிரும் அந்த இரண்டு கண்களில்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலை உணவகங்கள் சில, பயணிகளை அழைத்து வரும் பேருந்து ஓட்டுநர்க்கும் நடத்துநர்க்கும் தனியறையில் பணம் வாங்காமல் உணவளிக்கின்றன. பார்வைக்கு அது மரியாதை. உள்ளே அது வணிகம். அலுவலக வண்டியின் ஓட்டுநர்க்கோ அந்த அறையும் இல்லை, இந்த மேசையும் இல்லை.

எல்லா ஓட்டுநரும் மேலதிகாரியுடன் அமர்ந்து உண்ண விரும்புவர் என்றும் சொல்ல முடியாது. பொறியாளர் ஒருவர் உட்காரும் முன்பே இலைகளை எண்ணி, “ஓர் இலை குறைகிறது, ஓட்டுநர் வருகிறார்” என்று பரிமாறுபவரிடம் சொல்வதை ஒருமுறை கண்டேன். மகிழ்ச்சியாக இருந்தது. திரும்பும் வழியில் அந்த ஓட்டுநரிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “ஐயா நல்லவருதாங்க. ஆனா அவர் பக்கத்துல உட்கார்ந்தா ரெண்டாந்தடவை சோறு கேக்கக் கூச்சமா இருக்கு. இன்னைக்கு ராத்திரி நான் நம்ம ஆளுங்களோட பரோட்டா சாப்பிட்டுக்கிறேன்னு சொன்னேன். சரி, நீ சாப்பிட்டு வந்த பிறகே கிளம்பலாம்னுட்டாரு” என்றார். அன்றிரவு அவர் உண்டு, தேநீரும் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக வரும் வரை நாங்கள் வண்டியருகில் நின்றுகொண்டிருந்தோம்.